இரும்பு அலுமாரிக்கு மேல் மாதா

கால்சா
பாலர்மோ, 01.10.2024

மொனிகாவின் அப்பாவுக்கு,

நான் எங்கே போனேன் என்று நீங்கள் றஜிதா வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டதாக அறிந்தேன். தேடுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. வேலை செய்கிற வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டுக்கார சின்யோரா தன் அறைக்குப் பக்கத்து அறையை எனக்கும் பிள்ளைக்கும் தந்திருக்கிறா. கட்டில் ஒன்றுதான், ஆனால் கட்டிலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

போன் எடுக்க வேண்டாம். உங்கள் எண்ணை மூடிவிட்டேன். அந்தத் துவக்கு எங்கள் வீட்டை விட்டுப் போகும்வரை உங்கள் குரலை என் காதால் கேட்பதில்லை என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பிலும் நீங்கள் எழுதுகிற ஆள் இல்லை, குரலைத்தான் அனுப்புவீர்கள். சொல்ல ஏதும் இருந்தால் கடுதாசியில் எழுதி றஜிதாவிடம் கொடுங்கள். அவ நம் கட்டடத்தில் இருந்துதானே இங்கே ஹோட்டல் அறை துப்பரவாக்க வாறா.

அந்த நீளப் பெட்டியை நீங்கள் கொண்டுவந்த அன்று நான் என்ன கேட்டேன்? "இதென்னப்பா?" என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பிள்ளைக்குக் கீபோர்ட். பிறந்தநாளுக்குக் குடுப்பம். இப்ப திறக்காதையும்." நானும் நம்பி, தூசி படாமல் துணி சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். எங்கள் பிள்ளைக்கு எட்டு வயது. கீபோர்ட் என்ற சொல் அவளுடைய காதில் விழாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை நான் சோறு வடிக்கிற நேரம் அறைக்குள் இருந்து குரல் கேட்டது. "அம்மா, இதிலை கட்டையள் ஒண்டும் இல்லை. ஒரு ஓட்டைதான் இருக்கு." போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் துப்பாக்கி, அதன் குழல் ஓட்டைக்குள் அவள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். நீங்கள் ஏன் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். பொய் இல்லாமல் எழுதுங்கள்.

மலர்

பிரான்காச்சோ
04.10.2024

மலருக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை பார்த்தபோது அதற்குள் தோட்டா இல்லை. தோட்டா வாங்கவே இல்லை அப்போது. ஆனால் நீர் எழுதினதை வாசித்ததில் இருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

மந்தரீன் தோட்டத்துக் காவல் வேலையைப் பற்றி உமக்கு அரைவாசிதான் சொல்லியிருக்கிறேன். மலையில் இருந்து காட்டுப்பன்றிகள் இறங்குகின்றன. கூட்டமாக வந்து தண்ணீர்க் குழாயைக் கிழித்து வேரைக் கிண்டுகின்றன. எனக்கு முன் இருந்த காவலாளியின் தொடையைக் கிழித்ததும் பன்றிதான். போன மாதம் குட்டிகளோடு நின்ற ஒரு தாய்ப்பன்றி என்னைக் கலைத்தது. மதிலில் ஏறித் தப்பினேன். மதிலுக்குக் கீழே அது கனநேரம் நின்றது, மலர். போகவே இல்லை. முதலாளி அடுத்த நாள் வந்து முகத்துக்கு நேரே கேட்டார், துவக்கு வைத்திருக்கத் தெரியாத காவலாளி தனக்கு எதற்கு என்று. இந்த வேலை போனால் வேலை ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால் குடியுரிமைக்கு மூன்று வருடமாகக் காத்திருக்கிற விண்ணப்பம் என்னாகும் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

களவாக வாங்கவில்லை. டொக்டரிடம் போய், பயிற்சிக்குப் போய், வேட்டைப் பரீட்சை எழுதி, குவெஸ்தூராப் பொலிஸ் தலைமையகத்தில் அனுமதி எடுத்து, மக்வேதா வீதிக்குப் பின் ஒழுங்கையில் உள்ள கடையில் வாங்கினேன். கடைக்காரக் கிழவர் நல்ல மனிதர். "முதல் துவக்கு எண்டால் இரட்டைக் குழல் எடு, முறிச்சுப் பார்த்தால் உள்ளே இருக்கிறதும் இல்லாததும் கண்ணுக்குத் தெரியும்" என்ற கருத்தில் சொன்னார். நான்தான் தானியங்கியைக் கேட்டேன். அதில் ஒன்று வெடித்ததும் அதுவே வெற்றுக் கோதைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். குழலில் ஒன்று, கீழ்க் குழாயில் இரண்டு. முதல் வெடியில் பன்றி விழாவிட்டால், நடுங்குகிற கையால் இன்னொன்றை ஏற்ற எனக்கு வராது. அதுதான் காரணம். வேறு பெருமை ஒன்றும் இல்லை.

உமக்குச் சொன்னால் வேண்டாம் என்பீர். அதனால் சொல்லவில்லை. துவக்கு என் பேரில் இந்த வீட்டு விலாசத்தில் பதிந்திருக்கிறது, தோட்டத்துக் கொட்டிலில் விட்டுவிட்டு வரவும் ஏலாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்.

கொன்ஸ்ரன்ரைன்

கால்சா
07.10.2024

மொனிகாவின் அப்பாவுக்கு,

வாசித்தேன். பன்றிக்குப் பயந்து வாங்கினேன் என்று எழுத உங்களுக்கு இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது. அதை அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து பயந்திருப்பேன். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு கதை.

அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளுமாம்! அதைப் பெரிய வசதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பொல்லாப்பாகத் தெரிகிறது. மனிதன் ஒரு நிமிடம் நின்று யோசிப்பதற்கு இருக்கிற இடைவெளியையும் அது பிடுங்கிவிடுகிறது. மன்னாரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் துவக்கு வைத்திருந்தவன் ஒவ்வொருவனும் எங்களைக் காப்பாற்றத்தான் வைத்திருப்பதாகச் சொன்னான். காப்பாற்றிக் காப்பாற்றி எத்தனை வீடு வெறுமையாகப் போனது என்று உங்களுக்கும் தெரியும். இத்தனை கடல் தாண்டி இத்தாலிக்கு வந்தது எங்கள் கட்டிலுக்குக் கீழேயே ஒன்றை வைக்கத்தானா?

இப்போது இன்னொரு விஷயம். கோவில் மாதா சுரூபம் வீடு வீடாகச் சந்திக்கிற முறை எங்களுக்கு வந்திருக்கிறது. பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை கொண்டுவருவார்கள், அடுத்த சனி வரை இருப்பா. ஜனவரியில் சீட்டு இழுக்கப் பேர் கேட்டபோது நீங்கள்தான் முன் வரிசையில் நின்று கையைத் தூக்கினீர்கள். இதை ஒழுங்கு செய்கிற விமலராணி அக்காவிடம் போய் "எங்கள் வீட்டில் வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் ஏன் என்று பாலர்மோ முழுக்கக் கேட்கும்.

அந்தக் கிழமை மட்டும் நானும் பிள்ளையும் வருவோம். நீங்கள் றஜிதா வீட்டில் படுங்கள். முழுக் கோவில் சனமும் குழந்தை குட்டியோடு எங்கள் வீட்டுக்குள் நிற்கும். அந்தச் சாமான் அப்போது எங்கே இருக்கும்? அதைத்தான் முதலில் எழுதுங்கள்.

மலர்

பிரான்காச்சோ
11.10.2024

மலருக்கு,

இனிக் கட்டிலுக்குக் கீழே இல்லை. அதற்கென்றே விற்கிற இரும்பு அலுமாரி ஒன்று வாங்கிவிட்டேன். உம்முடைய தோள் உயரம், ஒடுக்கம், மேல்தட்டு மட்டம். துவக்கை உள்ளே நேராக நிறுத்தி வைக்கலாம். அறைச் சுவர் வெறும் பலகைச் சுவர், துளைத்தால் உதிர்கிறது. ஹோலில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர்தான் கொங்கிறீட். அதில் நாலு ஆணி இறுக்கிப் பூட்டியிருக்கிறேன். யாரும் கேட்டால் பத்திரங்கள் வைக்கிற அலுமாரி என்று சொல்லலாம். சாவி ஒன்றே ஒன்று, என் கழுத்தில் உத்தரியத்தோடு கிடக்கிறது.

பராமரிப்பு என்று ஒரு பெரிய வேலை இருக்கிறது, அதையும் சொல்கிறேன். இரகசியம் வேண்டாம் என்கிறீர்தானே. இந்தக் கடல் காற்றில் கை ரேகை பட்ட இடமே துருப்பிடிக்குமாம். நான் என்ன செய்தேன் என்றால், உம்முடைய தையல் மெசின் எண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தாராளமாக ஊற்றிவிட்டேன். நல்லது செய்கிறதாகத்தான் நினைப்பு. பயிற்சித் திடலில் முதல் வெடி போனது. வெற்றுக் கோது பாதி வெளியே, பாதி உள்ளே இறுகி நின்றுவிட்டது. எண்ணெயும் கரியும் சேர்ந்து களியாகிப் போய்விட்டது. கடைக்காரக் கிழவர் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு! இதென்ன, பொரிக்கப் போகிறாயா என்று கேட்டார். துணியால் துடைத்து, காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெயை விரலால் தடவினால் போதுமாம். மொனிகாவின் பழைய துவாயைத்தான் துடைக்க எடுத்தேன். கோபிக்க வேண்டாம்.

இன்னும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கீழ்க் குழாயை வெறுமையாக்கினால் துவக்கு வெறுமை என்று நினைக்காதே. குழலுக்குள் ஒன்று எப்போதும் நிற்கும். கைப்பிடியை இழுத்து அதை வெளியே எடுத்து, விரல் விட்டும் பார், பிறகுதான் வை. நானும் அப்படித்தான் பழகுகிறேன்.

நாளை காலை முதல் முறையாகத் தோட்டத்துக்குக் கொண்டு போகிறேன். செபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளும்.

கொன்ஸ்ரன்ரைன்

பிரான்காச்சோ, எங்கள் வீடு
20.10.2024

மொனிகாவின் அப்பாவுக்கு,

கால் இப்போது எப்படி? மழையில் ஸ்கூட்டர் வழுக்கினது புதன்கிழமை, எனக்கு றஜிதா சொன்னது வியாழக்கிழமை. உடனே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஒப்பரேஷன் முடித்து உங்களை மயக்கத்தோடு கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நேர்த்தி உங்கள் குரலுக்குத்தான், முகத்துக்கு இல்லை. வாயைத் திறந்தபடி படுத்திருந்தீர்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் முனகத் தொடங்கினதும் எழும்பி வெளியே வந்து நன்றாக அழுதேன். சூப் கொண்டுவந்தது நான்தான், றஜிதா இல்லை.

நேற்று மாதா வந்துவிட்டா. உங்களுக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சிரிப்பும் வருகிறது, அதைவிடக் கூடுதலாகப் பயம் வருகிறது. நான் மேசையில்தான் வெள்ளை விரித்துப் பூ வைத்திருந்தேன். விமலராணி அக்கா உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தா. "மேசை பதிவு, உயரம் காணாது. பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்கு மாதாவின்ரை முகம் தெரியாது. இந்தா, இது நல்ல உயரம்." என்று உங்கள் இரும்பு அலுமாரியைக் காட்டினா. நான் "அது பத்திரம் வைக்கிறதக்கா, சரிவராது" என்றேன். "மாதாவுக்கெண்டே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கு, நீ ஒருத்தி!" என்று என் வெள்ளைச் சேலையை எடுத்து அதன் மேலே போட்டு மூடியே விட்டா. இராஜதுரை அண்ணன் மாதாவைத் தூக்கி வைத்தார். இரண்டு பக்கமும் மெழுகுதிரி. நடுவில் றோசாப்பூ.

ஹோலில் இடம் காணாமல் படிக்கட்டு வரை சனம். எல்லோரும் முழங்காலில் நின்று செபமாலை சொன்னார்கள். எனக்கு ஒரு மங்கள வார்த்தைகூட வடிவாக வரவில்லை. நாங்கள் எல்லோரும் உங்கள் துவக்கைத்தான் கும்பிடுகிறோம் என்று எனக்கு மட்டும் தெரியும். பூட்டிக் கிடக்கிறது, வெறுமையாகக் கிடக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு நின்றேன். பொடியன்கள் ஒவ்வொருவராக எட்டி மாதாவின் காலில் முத்தம் கொடுத்தார்கள்.

சின்யோராவிடம் ஒரு கிழமை லீவு கேட்டிருக்கிறேன். வேறு புதினம் இல்லை.

மலர்

ஆஸ்பத்திரி
21.10.2024

மலர்,

இதை வாசித்தவுடன் பிள்ளையை வெளியே அனுப்பிவிடும். பிறகு மிச்சத்தை வாசியும்.

மாதாவை அதன் மேல் வைக்கலாமா! என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று எழுத வந்தேன், எழுத எனக்கு என்ன முகம் இருக்கிறது. உள்ளே துவக்கு நேராக நிற்கிறது. வாய் மேலே பார்த்தபடி. மேல்தட்டு மெல்லிய தகரம். அதன் மேல் மாதா, மாதாவின் காலடியில் பிள்ளைகள்.

பன்னிரண்டாம் தேதி காலை தோட்டத்தில் மூன்றையும் ஏற்றிக்கொண்டு நின்றேன். பன்றி வந்தது. மதிலுக்குக் கீழே நின்ற அதே பன்றிதான் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தது. என் விரல் விசைக்குப் போகவில்லை, மலர். விரல் என்னுடையதே இல்லை போல இருந்தது. அது தன் பாட்டில் திரும்பிப் போனது. கீழ்க் குழாயில் இருந்து இரண்டை எடுத்தது நினைவிருக்கிறது. குழலுக்குள் நின்றதை எடுத்தேனா? எடுத்தேன் என்று ஒரு நேரம் படுகிறது. அடுத்த நேரம் இல்லை என்று படுகிறது. உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரிக்குள் நிறுத்திப் பூட்டிவிட்டேன். மிச்சத் தோட்டாவை எண்ணிப் பார்க்கலாம் என்றால் பெட்டியும் அதே அலுமாரிக்குள்.

அன்றைக்கு இரவே நினைவு வந்தது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் போய் நிற்பேன், திரும்பி வருவேன். திறந்தால் பார்க்க வேண்டுமே. விடியப் பார்ப்போம், விடியப் பார்ப்போம் என்று விட்டுத்தான் ஸ்கூட்டரில் விழுந்தேன்.

சாவியை றஜிதாவிடம் கொடுத்துவிட நினைத்தேன். நீர் திறந்து, கை எங்கேயாவது பட்டால்? வேண்டாம். உமக்கு அனுமதியும் இல்லை, பழக்கமும் இல்லை. வெள்ளிக்கிழமை என்னை விடுவார்கள். நான் வந்து பார்க்கிறேன். அதுவரை எப்படியாவது மாதாவைக் கீழே இறக்கும். மெழுகுதிரியை உடனே அணையும்.

கொன்ஸ்ரன்ரைன்

எங்கள் வீடு
23.10.2024

மொனிகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடுதாசியைக் குசினியில் நின்று வாசித்தேன். வாசித்து முடித்து ஹோலுக்குப் போனால் மூன்று பெண்கள் அலுமாரியில் சாய்ந்துகொண்டு பூ மாற்றுகிறார்கள். ஒருத்தியின் இடுப்பில் கைக்குழந்தை.

மாதாவை இறக்குங்கள் என்று நீங்கள் படுத்துக்கொண்டு எழுதிவிட்டீர்கள். செபம் சொல்லி வைத்த இடத்தில் இருந்து அடுத்த வீட்டார் வந்துதான் எடுப்பது என்பது உங்களுக்குத் தெரியாதா? விமலராணி அக்காவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "ஏன், மாதா உனக்கு என்ன இடைஞ்சல் செய்யிறா?" என்று ஒரு பார்வை பார்த்தா. நான் என்ன சொல்ல? சொன்னால் பொலிஸ். பொலிஸ் வந்தால் அனுமதியும் போகும், உங்கள் விண்ணப்பமும் போகும். அது எனக்கு நன்றாகவே தெரிகிறது. தெரிவதால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். இருக்கிறேனே என்று எனக்கே என்னில் அருவருப்பாக இருக்கிறது.

அதனால் ஒரு புதுப் பொய் சொன்னேன். உங்களோடு வாழ்ந்து பழகினது வீண் போகவில்லை. உங்கள் கால் சுகமாக வேண்டும் என்று நேர்த்தி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வரை மாதாவுக்குக் கிட்ட நான் ஒருத்திதான் இருப்பேன், மற்றவர்கள் நான் விரித்த பாய்க்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட வேண்டும் என்று சொல்லி, அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டேன். திரியை அணைத்துவிட்டுக் குசினிக்குள் ஏற்றி வைத்தேன். மொனிகாவை றஜிதா வீட்டில் விட்டிருக்கிறேன்.

இப்போது என்னைப் பற்றி என்ன கதை என்று நினைக்கிறீர்கள்? அற்புதமலருக்கு இவ்வளவு பக்தியா என்று சனம் அதிசயப்படுகிறது. சாப்பிடுகிறாளும் இல்லை, நித்திரையும் இல்லை, மாதாவையே பார்த்தபடி இருக்கிறாள் என்கிறார்கள். நேற்று ஒரு அம்மா தன் மகளுக்குக் கலியாணம் சரிவர மாதாவிடம் சொல்லச் சொல்லி என் கையைப் பிடித்து அழுதா. நான் மாதாவையா பார்க்கிறேன்? சேலைக்குக் கீழே தெரிகிற இரும்பை அல்லவா பார்க்கிறேன். மேல் வீட்டில் ஏதாவது விழுந்தால் கதிரையை விட்டு எழும்பிவிடுகிறேன்.

தானே வெடிக்காது என்று மூளை சொல்கிறது. உடம்பு கேட்குதில்லை. வெடிக்காமல் பூட்டி வைக்கிற விசை ஒன்று இருக்கும்தானே? அதைப் போட்டீர்களா? அதையாவது எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வந்து சேருங்கள்.

மலர்

ஆஸ்பத்திரி
25.10.2024

மலர்,

இன்றைக்கு என்னை விடவில்லை. காயத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏறிவிட்டது. திங்கள் வரை அசையக் கூடாது என்கிறார்கள். எழும்பப் பார்த்தேன், நேர்ஸ் வந்து கையைக் கட்டிலோடு கட்டுவேன் என்று வெருட்டினா.

பூட்டு விசை போட்டேனா என்று கேட்டிருக்கிறீர். தெரியாது. மூன்று நாளாக அதையேதான் யோசிக்கிறேன். கண்ணை மூடினால் நான் பூட்டுவது தெரிகிறது. ஆனால் அது நடந்ததா, நடந்திருக்க வேண்டும் என்ற ஆசையா என்று பிரிக்க முடியவில்லை.

நாளை மாதாவை எடுக்க வருகிறவர்கள் மெதுவாக எடுக்கட்டும். அலுமாரியைத் தள்ளவோ இடிக்கவோ விட வேண்டாம்.

இனி எழுதுகிறதை நன்றாகக் கேளும். ஏதும் நடந்து பொலிஸ் வந்தால், உமக்கு ஒன்றும் தெரியாது. அலுமாரிக்குள் என்ன இருந்தது என்றும் தெரியாது. என் கடுதாசிகளை எரித்துவிடும். நானும் அப்படித்தான் சொல்லுவேன். குற்றம் என்னுடையது, என் ஒருவன் பேரில்தான் எழுதப்பட வேண்டும். பிள்ளைக்கு ஒரு ஆளின் பேராவது துப்பரவாக இருக்க வேண்டும். உம்முடைய பெர்மெசோ வதிவிட அனுமதியில் ஒரு கீறல் விழக்கூடாது. இதில் மட்டும் என்னோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

நான் பன்றிக்குப் பயந்து வாங்கினேன் என்று எழுதினேன். வாங்கின நாளில் இருந்து பன்றியை நினைத்து ஒரு நாளும் நான் நித்திரை முழிக்கவில்லை. துவக்கை நினைத்துத்தான் முழிக்கிறேன்.

கொன்ஸ்ரன்ரைன்

எங்கள் வீடு
27.10.2024

இஞ்சருங்கோ,

உங்கள் கழுத்துச் சாவியை வாங்க வந்த கரபினியேரிப் பொலிஸ் உங்களிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் செபம் முடிந்து பாட்டுப் படித்து, மாதாவை எடுக்க எல்லோரும் எழும்பினார்கள். நான் கதிரையை விட்டு எழும்பித்தான் ஆக வேண்டும், எழும்பினேன். இராஜதுரை அண்ணன் தூக்கினார், வரவில்லை. முதல் நாள் உருகின மெழுகு சேலையோடும் இரும்போடும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. "பொறுங்கோ, அடியிலை ஒரு தட்டுத் தட்டினால் விட்டுடும்" என்று சொல்லி அவர் எங்கேயோ இருந்து ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். விமலராணி அக்கா மாதாவைப் பிடித்தபடி மேலே குனிந்து நிற்கிறா. பிள்ளைகள் எல்லாம் புதினம் பார்க்க முன்னுக்கு வந்துவிட்டார்கள். அதற்குள் மொனிகாவும் நிற்கிறாள். எப்போது ஓடி வந்தாள் என்று தெரியாது.

சுத்தியலை ஓங்கிவிட்டார்.

"தட்டாதேங்கோ! அதுக்குள்ளை துவக்கு இருக்கு! தோட்டா ஏத்திக் கிடக்கு!"

அப்படியொரு குரல் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது. யாரோ ஒருத்தி சிரித்தாள், விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பும் நின்றது. விமலராணி அக்காதான் முதலில் வாய் திறந்தா. "பிள்ளையளை வெளியிலை கொண்டு போங்கோ. கெதியா." எல்லோரும் படிக்கட்டால் இறங்கின பிறகும் அவ போகவில்லை. என்னைப் பார்த்து, "ஒரு கிழமையா இதுக்கோடி காவல் இருந்தனி?" என்று கேட்டா. "ஓமக்கா" என்றேன். ஏசுவா, அடிப்பா என்று நினைத்தேன். "உனக்கும் மேலையெல்லோ வெடிச்சிருக்கும், மொக்குப் பெட்டை" என்று சொல்லிப்போட்டு என்னைப் பிடித்து அழத் தொடங்கிவிட்டா.

பொலிசுக்கு எடுத்தது நான்தான். இனி யார் எடுத்தால் என்ன என்று நினைத்தேன், பிறகு வேறு ஒருவரும் எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அவர்கள் உங்களிடம் போய்ச் சாவியோடு திரும்பி வரும்வரை மாதா அதன் மேலேயேதான் நின்றா. ஒருவரும் கிட்டப் போகவில்லை. வந்தவர்களில் வயது போனவர் எங்களையெல்லாம் படிக்கட்டில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். கதவு திறந்துதான் இருந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். துவக்கை வெளியே எடுத்து, வாயை ஜன்னலுக்கு மேலே பிடித்து, பக்கத்தில் எதையோ இழுத்தார்.

சிவப்புத் தோட்டா ஒன்று துள்ளி நிலத்தில் விழுந்து உருண்டது.

பூட்டு விசை போட்டிருக்கவில்லை.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இராஜதுரை அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தப் பெரியவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு இருத்தித் தண்ணீர் தந்தார். கையில் பேனை. "சின்யோரா, உங்கள் கணவரின் வாக்குமூலம் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அலுமாரிக்குள் என்ன இருந்தது என்றே தெரியாது என்கிறார். அப்படித்தானே?" என்று கேட்டார். நல்ல மனிதர். ஆம் என்று நான் தலையை ஆட்டினால் போதும், எழுதிவிட்டுப் போய்விடுவார் என்று தெரிந்தது. உங்கள் கடுதாசி என் சட்டைக்குள்தான் இருந்தது. எரிக்கவில்லை.

தெரியும் என்று சொன்னேன். துவக்கு இருந்ததும் தெரியும், உள்ளே ஒன்று நிற்கலாம் என்று திங்கட்கிழமை முதல் தெரியும், தெரிந்துகொண்டுதான் சனத்தை வீட்டுக்குள் விட்டேன் என்று சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன், எழுதுங்கள் என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்குக் கோபம் வரும். துவக்கும் போய், அனுமதியும் போய், இப்போது வழக்கு உங்கள் ஒருவர் பேரில் இல்லை, இரண்டு பேர் பேரிலும் வரலாமாம். குடியுரிமைக்கு என்ன நடக்கும் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்கள், அது விளங்குகிறது. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் முடிவு செய்த அன்றைக்குத்தான் அந்தப் பெட்டி எங்கள் கட்டிலுக்குக் கீழே வந்தது. இன்னொரு தரம் அப்படி ஒரு பெண்ணாக இருக்க எனக்கு மனம் இல்லை. அரசாங்கக் கடுதாசியில்கூட இல்லை.

எனக்குச் சரியான பயமாக இருக்கிறது. இரவு முழுக்கப் பயந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளை பார்வை நேரத்துக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறேன். நீங்கள் கதையுங்கள், நான் கேட்கிறேன். பிறகு குவெஸ்தூராவில் என்ன சொல்வது என்று இரண்டு பேருமாக யோசிப்போம். உண்மையைத்தான் சொல்லப் போகிறோம், ஆனால் அதையும் சேர்ந்து யோசிப்போம்.

உங்கள்
மலர்